தலை வெள்ளையாக இல்லாத கழுகு வெண்தலைக் கழுகாக இருக்குமா?

இருக்கும். ஏரியில் மீன் பிடித்த பெரிய பழுப்புப் பறவை என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஏரிக்கரை என்றால் அது பெரும்பாலும் இளம் வெண்தலைக் கழுகுதான். அதே போலப் பழுப்பாக இருக்கும் பொன்னிறக் கழுகோ என்று சந்தேகம் வந்தால் காலைப் பாருங்கள். பொன்னிறக் கழுகுக்கு விரல்வரை இறகு மூடியிருக்கும். வெண்தலைக் கழுகுக்குக் கீழ்க்கால் வெறும் மஞ்சளாகத் தெரியும்.

இந்தக் கேள்வி எனக்கு ஆறாத விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில், மேரிலாந்தில் சஸ்குவஹானா ஆற்றின் கோனோவிங்கோ அணைக்கு மகளைக் கூட்டிப் போனேன். அணையைத் தாண்டி வரும் மீனுக்காகக் கழுகுகள் கூடும் இடம் அது. அன்று எங்களுக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்தது முழுப் பழுப்பு உடம்பும் கருத்த அலகும் கொண்ட முதல் வருடக் குஞ்சு. வீட்டுக்கு வந்து மகள் அதையே வரைந்து பள்ளிக்குக் கொண்டுபோனாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, "தலை வெள்ளையாக இருக்க வேண்டும்" என்று எழுதி அனுப்பினார். கண்ணால் பார்த்ததை வரைந்த பிள்ளை அன்று சாப்பிடவே இல்லை. நான் விளக்கிக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை.

பெரியவர்களே குழம்பிய விஷயம்தான் இது. வெண்தலைக் கழுகைக் காக்க 1940-இல் வந்த சட்டத்தில் 1962-இல் பொன்னிறக் கழுகையும் சேர்த்ததற்கு, பொன்னிறக் கழுகென்று நினைத்து இளம் வெண்தலைக் கழுகுகளைச் சுட்டதும் ஒரு காரணம்.

இரண்டாம், மூன்றாம் வருடத்தில் வயிற்றிலும் முதுகிலும் வெள்ளைத் திட்டுகள் வரும். பழுப்புக் கண் மெல்ல வெளுக்கும், அலகு மஞ்சளாகத் தொடங்கும். நான்காம் வருடம் தலை வெளுத்தாலும் கண்ணை ஒட்டி ஒரு கருங்கோடு நிற்கும். தலையும் வாலும் முழுக்க வெளுக்க ஐந்து வருடம் ஆகும். "எல்லாப் பறவைக்கும் அப்படி இல்லையே" என்று யாராவது வருவீர்கள். சரிதான், முன்னே பின்னே ஆகும். நான் பறவையியல் படித்தவன் இல்லை, பல குளிர்காலம் நின்று பார்த்தவன். இன்னொன்று, முதல் வருடக் குஞ்சுக்கு இறக்கை இறகும் வால் இறகும் பெரிய பறவையைவிட நீளம். அதனால் தாயைவிடப் பெரிதாகத் தெரியும், ஏமாறாதீர்கள்.

இதோடு அந்த வாட்ஸப் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகை உடைத்து, இறகையெல்லாம் பிடுங்கி, இன்னும் முப்பது வருடம் வாழுமாம். எங்கள் குடும்பக் குழுவில் வருடத்துக்கு நான்கு முறை வருகிறது. காட்டுக் கழுகு நாற்பதைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். இறகு ஒவ்வொன்றாக உதிர்ந்துதான் முளைக்கும், மொத்தமாகப் பிடுங்கினால் பறக்க முடியாமல் பட்டினியில் சாகும். இதை எழுதினால் பெரியப்பா, "நல்ல கருத்துதானே, விடுப்பா" என்கிறார். என்னால் விட முடியவில்லை.

உங்கள் பறவை அடுத்த குளிர்காலமும் அதே ஏரிக்கு வந்தால் முதலில் வயிற்றைப் பாருங்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், மகளுக்குக் காட்டுகிறேன்.