புட்டிங்குக்குள்ள என்னதான் இருக்கு?

போன இதழ்ல ஒருத்தர் டிசம்பர் லீவுக்குப் படிக்க ஏதாவது சொல்லுங்க மேடம்னு கேட்டிருந்தார். கிறிஸ்துமஸ் விருந்து, நடுவுல ஒரு கொலை, அதைக் கண்டுபிடிக்க ஒரு வயசான அம்மா, இந்த மூணும் இருக்கற இங்கிலீஷ் கதை எதையாவது எடுத்துக்கிட்டு உக்காருங்கன்னு போற போக்குல சொல்லிட்டேன். இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல அதைப் பத்திதான். சினிமா கேள்வி அனுப்பினவங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கொலை நடக்குது, ஆனா இந்த வகைக் கதைக்குப் பேரு 'கோஸி'யாம். கோஸின்னா இதமா, கதகதப்பான்னுதானே அர்த்தம்? பொணத்துல என்ன கதகதப்பு? (வாசகர், திருநெல்வேலி)

பொணம் இருக்கும் சார், ரத்தம் இருக்காது. கொலை நம்ம கண்ணுக்கு மறைவா நடந்து முடிஞ்சிரும், அப்புறம் முழுக்க முழுக்க பேச்சுதான், சின்ன ஊரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கெட்ட வார்த்தை கிடையாது, துப்பறியறது போலீஸ் இல்ல, நம்ம பக்கத்து வீட்டு ஆள் மாதிரி ஒருத்தங்க. செத்துப்போனவரும் பெரும்பாலும் ஊரே வெறுத்த ஆளா இருப்பாரு, அதனால நமக்கும் பெருசா துக்கம் இல்ல. டீபாட் ஆறாம இருக்க மேல மாட்டற துணிக் குல்லாவுக்கும் கோஸின்னுதான் பேரு. இந்த மாதிரி கதைகளுக்குன்னே அமெரிக்காவுல மேரிலாண்ட் பக்கம் 'மேலிஸ் டொமெஸ்டிக்'னு ஒரு மாநாடு, 1989-ல ஆரம்பிச்சது, அதுல மர்மக் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி பேர்ல ஒரு அவார்டு குடுக்கறாங்க. கோப்பை, கேடயம் எல்லாம் இல்ல. ஒரு டீபாட்!

துப்பறிய ஏன் பாட்டிங்களையே பிடிக்கறாங்க? ஓடிப்போய் திருடனைப் பிடிக்கக்கூட முடியாதே! (வாசகி, கும்பகோணம்)

ஓட வேண்டியதே இல்லையேம்மா, எல்லாரும் அவங்க முன்னாடியேதான் உக்காந்து பேசறாங்க.

அகதா கிறிஸ்டியோட துப்பறியற பாட்டி மிஸ் மார்ப்பிள் முதல் முதலா வந்தது ஒரு சிறுகதையில, 1927 டிசம்பர் மாசப் பத்திரிகையில. ஒரு கூட்டம் சாயங்காலம் உக்காந்து, ஆளுக்கொரு மர்மக் கதை சொல்லுவோம், மத்தவங்க விடையைக் கண்டுபிடிக்கட்டும்னு பிளான் போடுது. ஒரு பொண்ணு ஆளை எண்ணிப் பாக்குது, அஞ்சு பேர்தான் வருது, ஆறு பேர் இருந்தா நல்லாருக்குமேங்குது. அப்ப மூலையில பின்னிக்கிட்டிருக்கற அம்மா, என்னை விட்டுட்டியேம்மான்னு மெதுவா சொல்றாங்க. அவங்க இருக்கறது அவங்க வீட்டுக் கூடத்துல, ஆனா அவங்களையே எண்ணிக்கையில சேக்கல பாருங்க! எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்தம்மாவோட பவர் எல்லாமே அதுலதான் இருக்கு, யாரும் கணக்குல எடுத்துக்காத ஆள் முன்னாடி யாரும் வாயை மூடிக்கறதில்லை.

ரெண்டாவது விஷயம், அறுபது எழுபது வருஷம் ஒரே ஊர்ல மனுஷங்களைப் பாத்தவங்க. லண்டன்லேர்ந்து வந்த பெரிய மனுஷன் பண்ற திருட்டுத்தனத்தைப் பாத்தா அவங்களுக்கு உள்ளூர்க்காரர் யாரோ ஒருத்தர் ஞாபகம் வரும். அகதா கிறிஸ்டியே சொல்லியிருக்காங்க, தன்னோட பாட்டியோட சிநேகிதிகள் மாதிரி ஒருத்தங்கதான் இந்த கேரக்டர்னு, பாட்டிகிட்டேர்ந்து ஒரே ஒரு குணம் மட்டும் ஒத்துப்போகும்னு. அந்தப் பாட்டி யாரைப் பத்தியும் மோசமாத்தான் நினைப்பாங்களாம், கடைசில பாத்தா அது சரியாவும் இருக்குமாம்.

டிவி பாக்கறவங்களுக்கு 'மர்டர், ஷீ ரோட்' சீரியல்ல வர்ற ஜெசிகா ஃப்ளெட்சரைத் தெரிஞ்சிருக்கும், ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர், மர்மக் கதை எழுதறவங்க, 1984-லேர்ந்து 1996 வரைக்கும் 264 எபிசோடு. அத்தனூண்டு ஊர்ல அத்தனை கொலை நடந்தும் ஜனங்க வீட்டைக் காலி பண்ணாம எப்படி இருந்தாங்கன்னுதான் எனக்குப் புரியல.

கதை விறுவிறுன்னு போகும்போது நடுவுல கேக் செய்முறை வருது. எரிச்சலா இருக்கு. எதுக்கு இது? (வாசகர், சென்னை)

அதை ஸ்டார்ட் பண்ணி வச்சவங்கள்ல முக்கியமானவங்க வர்ஜீனியா ரிச், சமையல் பத்தி எழுதிக்கிட்டிருந்தவங்க, 1982-ல மிசஸ் பாட்டர்னு அறுபது வயசு விதவையை வச்சு நாவல் எழுதினாங்க. அப்புறம் 2000-ல ஜோன் ஃப்ளூக் வந்தாங்க, மினசோட்டா குளிர்ல குக்கீ கடை நடத்தற ஹன்னா, அந்தப் பொண்ணு பாட்டி இல்ல, சின்ன வயசு, ஆனா செய்முறையை புக் முழுக்க நிரப்பறதுல அவங்களை அடிச்சுக்க ஆளில்லை. சிலது வெறும் பக்கத்தை நிரப்பத்தான், ஒத்துக்கறேன், தாண்டிப் போங்க, பாவம் ஒண்ணுமில்ல.

ஆனா நல்லா எழுதறவங்க கையில சமையல்ங்கறது ஒரு டைம் டேபிள் சார். எது எப்ப கலக்கினது, எவ்ளோ நேரம் வெந்தது, மூடி வச்சப்ப சமையக்கட்டுல யார் இருந்தா, யார் தனித்தட்டுல சாப்பிட்டா, யார் 'எனக்கு இனிப்பு வேண்டாம்'னு சொன்னா. பண்டிகைன்னா இன்னும் வசதி, மெனு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், அந்த நாள்ல அந்தப் பண்டம் வந்தே ஆகணும், வராமப் போனாலோ மாறிப்போனாலோ உடனே தெரிஞ்சிரும். மிஸ் மார்ப்பிளோட அந்த முதல் கதையிலயே கேஸ் என்னன்னா ஒரு ராத்திரி சாப்பாடுதான். டின்ல அடைச்ச சிங்கி இறால், டிரைஃபிள் (கேக், கஸ்டர்டு அடுக்கின இனிப்பு), ரொட்டி, சீஸ், மூணு பேர் சாப்பிட்டு மூணு பேருக்கும் முடியாமப் போய் ஒருத்தங்க மட்டும் செத்துப்போறாங்க. ஊரே இறால் மேல பழி போடுது. வேற எதைப் பாக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா டிரைஃபிளைப் பல தடவை பரிமாறின ஒரு பொம்பளையாலதான் அதைக் கண்டுபிடிக்க முடியும், அந்தக் கேஸைச் சொன்ன ரிட்டயர்டு ஸ்காட்லாண்ட் யார்டு அதிகாரிக்கு விடை முன்னாடியே தெரியும், கூட உக்காந்திருந்த மத்த யாருக்கும் தோணல.

கிறிஸ்துமஸ் புட்டிங்ல காசு போட்டு வேக வைப்பாங்கன்னு படிச்சேன். நிஜமாவா? யாராவது முழுங்கிட்டா? (வாசகி, நாகர்கோவில்)

நிஜம்தான். வெள்ளி சிக்ஸ்பென்ஸ் காசு, யார் துண்டுல வருதோ அவங்களுக்கு அடுத்த வருஷம் அதிர்ஷ்டம். மோதிரம் வந்தா கல்யாணம், பட்டன் வந்தா ஆம்பளை பிரம்மச்சாரி, தையக்காரங்க விரல்ல மாட்டற குப்பி வந்தா பொண்ணுக்குக் கல்யாணம் இல்லை, நல்லா பேர் வைக்கறாங்க பாருங்க! 1947-லேர்ந்து அந்தக் காசுல வெள்ளியே இல்ல, செம்பும் நிக்கலும்தான், அதனால பழைய காசை பத்திரமா வச்சிருந்து வருஷா வருஷம் போட்ட குடும்பங்களும் உண்டு. முழுங்காம இருக்கத்தான் பெரியவங்க மெதுவா சாப்பிடுங்கடான்னு கத்திக்கிட்டே இருப்பாங்க.

புட்டிங்னா நம்ம கேரமல் புட்டிங் மாதிரி நினைச்சுக்காதீங்க. உலர் திராட்சை, மாட்டுக் கொழுப்பு, ரொட்டித் தூள், பிராந்தி எல்லாம் சேத்து மணிக்கணக்கா ஆவியில வேக வச்சு கன்னங்கரேல்னு உருண்டையா வரும், மேல பிராந்தி ஊத்தி நெருப்பு வச்சு எடுத்துட்டு வருவாங்க. கிறிஸ்துமஸுக்கு அஞ்சு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, 'ஸ்டிர் அப் சண்டே'னு பேரு, வீட்ல இருக்கற ஒவ்வொருத்தரும் வந்து கிழக்கேருந்து மேக்கே ஒரு கிண்டு கிண்டி மனசுல ஒண்ணு வேண்டிக்கணும்.

இதைப் படிச்சதும் மர்மக் கதை எழுதறவங்களுக்கு நாக்குல எச்சில் ஊறாதா? எல்லார் கையும் பட்ட பண்டம், உள்ள எதை வேணா ஒளிக்கலாம். 1960-ல வந்த அகதா கிறிஸ்டி கதை ஒண்ணுல அதுதான் நடக்குது, பாட்டி இல்ல, அவங்களோட இன்னொரு துப்பறிவாளர் பாய்ரோ வர்ற கதை. புட்டிங்கை ஒரு வாய்கூட சாப்பிடாதீங்கன்னு அவர் தலகாணி மேல ஒரு சீட்டு கிடக்கும். கிறிஸ்துமஸுக்குன்னு வச்சிருந்த புட்டிங் கீழ விழுந்து உடைஞ்சு போக, நியூ இயருக்குன்னு வச்சிருந்ததை (திருடன் ஒளிச்சது அதுக்குள்ளதான்) எடுத்து மேஜைக்கு அனுப்பிடுவாங்க, அந்த ஒரு சின்ன சமையக்கட்டு விபத்துதான் திருடனோட மொத்தத் திட்டத்தையும் கவுத்துடும். அந்த உடைஞ்ச கதை சமையக்காரம்மாகிட்ட உக்காந்து பொறுமையா பேசினாத்தான் வெளிய வரும். பாய்ரோ அந்த இடத்துல பாதிப் பாட்டியாவே மாறிடறாருன்னு சொல்லுவேன்.

இதெல்லாம் கதைக்கு நல்லாருக்கு. நிஜத்துல இனிப்புல விஷம்னு எங்கயாவது நடந்திருக்கா? (வாசகர், ஈரோடு)

நடந்திருக்கு, ஆனா அது கொலை இல்ல, அதான் இன்னும் கொடுமை. 1858 அக்டோபர், இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு. அந்தக் காலத்துல சர்க்கரை விலை ஜாஸ்தி, அதனால மிட்டாய்ல மலிவான வெள்ளைப் பொடி கலப்படம் பண்றது சகஜம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாதிரி சமாச்சாரம். அதை வாங்க ஆள் அனுப்பினா, மருந்துக்கடை முதலாளிக்கு உடம்பு சரியில்ல, கடைப் பையன் தப்பான பீப்பாயிலேர்ந்து 12 பவுண்டு ஆர்சனிக்கை அள்ளிக் குடுத்துட்டான். மிட்டாய் ஆகி சந்தையில வித்து, இருபது பேர் பக்கம் செத்தாங்க, இருநூறு பேருக்கு மேல படுத்துட்டாங்க. முதல்ல காலரான்னு நினைச்சிருக்காங்க. ஆர்சனிக் விக்கிறதுக்கு 1851-லயே சட்டம் இருந்தது, சில்லறையா வித்தா கரியோ நீலமோ கலந்து நிறம் மாத்தணும்னு. ஆனா ஆர்சனிக்னு தெரியாமயே விக்கறவனை எந்தச் சட்டம் தடுக்கும்? 1868-ல வந்த மருந்துக்கடைச் சட்டத்துக்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் வேற. சந்தையில வித்தவர் மிட்டாயைப் பாத்ததும் வழக்கம் போல இல்லையேன்னு கவனிச்சிருக்கார். கவனிச்சிட்டு என்ன பண்ணார்? விலையைக் குறைச்சுக் கேட்டு வாங்கிட்டார்.

நானும் ஒரு கதை எழுதிக்கிட்டிருக்கேன் அக்கா. எழுபது வயசு மாமி, தீபாவளி காலையில லேகியத்துல விஷம், குடும்பத்துல ஒருத்தர் மட்டும் சாகிறார். எப்படி இருக்கு? (வாசகி, மதுரை)

மாமி சூப்பர். லேகியம் உதைக்குது. எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வந்ததும் ஒரே கிண்ணத்துலேர்ந்து எல்லாருக்கும் உருட்டி கையில குடுப்பாங்க, அப்ப எல்லாரும்தானே சாகணும்? அந்த ஒருத்தருக்கு மட்டும் தனியா வந்தது எப்படின்னு நீங்க காட்டணும். சுகர் இருக்கறவரா, வெல்லம் போடாம அவருக்குன்னு தனியா கிண்டினாங்களா, அப்படி கிண்டினது யாருக்கெல்லாம் தெரியும்? இல்லாட்டி அதிரசத்துக்குப் போங்க, மாவு பிசைஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் மூடி வைக்கணும், அந்த ராத்திரியில யாரு வேணா சமையக்கட்டுப் பக்கம் வந்துட்டுப் போகலாம். மாமிக்கு மாவைத் தொட்டாலே தெரியணும், யாரோ கையை வச்சிருக்காங்கன்னு. எழுதி முடிச்சதும் அனுப்புங்க, செய்முறை மட்டும் நடுவுல வேண்டாம், சென்னை வாசகர் கோவிச்சுப்பார்.

நான் எப்பவும் கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிட்டுத்தான் ஆரம்பிப்பேன். தப்பா? (வாசகி, காரைக்குடி)

இல்லவே இல்ல. எங்க வீட்லயும் ஒருத்தர் அப்படித்தான், அதோட விடாம எனக்கும் சொல்லிடுவார். அவரை வச்சு ஒரு கோஸி கதை எழுதலாமான்னு யோசிச்சிக்கிட்டிருக்கேன், செத்துப்போறது யாருன்னு முடிவு பண்ணியாச்சு.