பென்சிலைக் கீழே வைத்துவிட்டு

வணக்கம் ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. மூன்று வருடமாகத்தான் நாவல் படிக்கிறேன். நானும் எழுத வேண்டும் என்ற ஆசையில், சென்ற புத்தகக் காட்சியில் 'எழுதுவது எப்படி' வகை நூல்கள் ஆறு வாங்கினேன். ஆறையும் முடித்துவிட்டு தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை எடுத்தேன். கையில் பென்சில். 'இங்கே முரண் தொடங்குகிறது', 'இந்தப் பாத்திரம் எதற்கு?' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். ஆடிட் செய்வதுபோல் இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்த, சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை அலுவலக நண்பர்கள் இருவருக்குக் கொடுத்தேன். ஒருவர் கிரிக்கெட் பைத்தியம், மற்றவர் சினிமா பைத்தியம். இருவருமே ஒரு வாரத்தில் "நன்றாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. யாருக்கும் தயங்காமல் கொடுக்கக்கூடிய பத்து நாவல்கள், அவசியம் படிக்க வேண்டிய ஐந்து எழுத்துக்கலை நூல்கள், பட்டியல் தர முடியுமா?

கி., ஈரோடு

அன்புள்ள கி.,

ஆடிட் என்பது உங்களுக்கு வெறும் உவமை இல்லை என்று நினைக்கிறேன். தணிக்கைக்குப் போகிறவர் தப்பைத் தேடித்தான் போகிறார். அந்தக் கண்ணோடு 'மோகமுள்' நடக்கும் கும்பகோணத்துக்குப் போனால் காவிரி தெரியாது, வவுச்சர்தான் தெரியும்.

இந்த வியாதி எனக்கும் வந்திருக்கிறது. இருபத்தாறு வயதில், ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றி ஆற்றிய உரைகளின் தொகுப்பு நூலகத்தில் கிடைத்தது. கதைமாந்தர்களைத் தட்டையானவர்கள் (ஒரே குணம் கொண்டவர்கள்), உருண்டையானவர்கள் (பல பக்கங்கள் உள்ளவர்கள்) என்று அதில் இரண்டாகப் பிரிப்பார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆறு மாதம் எதைப் படித்தாலும், சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல மனிதர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கையில் சிக்கியது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. நாயகி ஜமுனாவின் தெருவில் இருக்கும் டீச்சரம்மா வரும் பக்கத்தில் 'தட்டை' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

பல வருடங்கள் கழித்து, 2019 கோடையில், சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டுபோயின. எங்கள் தெருவில் இரவு பதினொரு மணிக்கு லாரி வரும் என்றார்கள். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். நேரம் போகவில்லை. வேறென்ன படிப்பது? அதே பழைய பிரதியை எடுத்து வந்தேன். ஜமுனா உடைந்துபோய்க் கிடக்கும் இடத்தில் டீச்சரம்மா அவளைக் கொஞ்சித் தேற்றுவதற்குப் பதிலாகத் தன் கல்யாண வாழ்க்கை எப்படிப்பட்டது என்று சொல்கிறாள். அதைப் படித்த பிறகு, அதற்கு முன் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போன பக்கங்களையெல்லாம் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. திருப்பினால் என் பென்சில் எழுத்து நிற்கிறது. ரப்பரால் அழித்தேன். தடம் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஒரு பாத்திரம் உருண்டையானதா என்று அறிய ஃபார்ஸ்டரே ஒரு சோதனை சொல்லியிருக்கிறார்: நம்பத்தக்க விதத்தில் அது நம்மை வியக்கவைக்க வேண்டும். டீச்சரம்மா செய்வது சரியாக அதைத்தான். தட்டையான பாத்திரங்களையும் அவர் இழிவாகச் சொல்லவில்லை. டிக்கன்ஸின் ஆட்கள் அநேகமாக எல்லோரும் தட்டைதான், ஆனாலும் அந்த உலகத்துக்கு ஆழம் இருக்கிறது என்கிறார். இதையெல்லாம் நானும் படித்தவன்தான். நாவலுக்கு முன்னால் படித்ததால் அவை உட்கார என்னிடம் இடம் இருக்கவில்லை. வெறும் சொற்களாக வந்து, முத்திரை குத்துகிற கட்டைகளாக மாறிவிட்டன. ஆகவே உங்கள் ஆறு நூல்களின் மீதும் எனக்குக் கோபம் இல்லை. வரிசைதான் தவறு. முதல் முறை நாவலைக் கதை கேட்கும் பிள்ளையாகப் படியுங்கள். பிடித்திருந்தால் மறுபடி படியுங்கள், பென்சில் அப்போது. பிடிக்காத நாவலுக்குப் பென்சிலே வேண்டாம்.

(இடையில் ஒன்று. அந்த உரைகளுக்குப் பிறகு ஃபார்ஸ்டர் 1970 வரை வாழ்ந்தார். 1924க்குப் பிறகு தன் காலத்தில் அவர் ஒரு நாவல்கூட வெளியிடவில்லை. எழுதுவது எப்படி என்று தெரிந்துவிட்டதாலா என்று கேட்காதீர்கள்.)

எழுத்துக்கலை நூல்கள் ஐந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சொல்கிறேன். ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டர்ஸின் 'எ ஸ்விம் இன் எ பாண்ட் இன் தி ரெய்ன்', 2021இல் வந்தது. செகாவின் கதைகள் மூன்று, தல்ஸ்தோயின் கதைகள் இரண்டு, துர்கனேவுடையதும் கோகலுடையதும் ஒவ்வொன்று. கதையை முழுதாகப் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். முதல் கதைக்கு மட்டும் வேறு ஏற்பாடு. சம்பளம் வாங்க நகரத்துக்குப் போன பள்ளி ஆசிரியை ஒருத்தி வண்டியில் ஊர் திரும்புகிறாள், அவ்வளவுதான் செகாவின் கதை. அதில் ஒரு பக்கம் கொடுத்து நிறுத்துவார். இப்போது உங்களுக்கு என்ன தெரியும், எதை அறிய ஆவலாக இருக்கிறீர்கள் என்று கேட்பார். பிறகு அடுத்த பக்கம். விதி சொல்வதில்லை, படிக்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வைக்கிறார். அலுவலகம் விட்டு வந்து தினம் நாலு பக்கம் படித்தாலும் போதும்.

இரண்டாவது உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்: நன்னூல். பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களை எடுத்துப் பாருங்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று போகிற பட்டியல். நாவலை மனத்தில் வைத்து அவர் எழுதவில்லை என்பது தெரிந்ததே. ஆனால் 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதைவிடப் பொருத்தமான மதிப்புரை நான் அண்மையில் முடித்த பல நாவல்களுக்கு இல்லை. எண்பதாம் பக்கத்தில் ஆரம்பித்துவிடுகிறது தேய்மானம்.

அதே பட்டியலில் 'மற்றொன்று விரித்தல்' என்றும் ஒரு குற்றம் உண்டு. அதை வைத்துப் பார்த்தால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' முழுக் குற்றவாளி. இரண்டாம் உலகப் போர் நடக்கிறது, நாயகன் பாண்டியனோ இந்தோனேசியாவின் மெடானில் நின்றுகொண்டு தன் ஊரான சின்னமங்கலம் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் நினைத்துக்கொண்டிருப்பான். மதுக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். பதிப்பாசிரியர் யாராவது சிவப்பு மையால் அதையெல்லாம் வெட்டியிருந்தால் மிஞ்சுவது ஒரு சாகசக் கதை. நாவல் போயிருக்கும்.

பட்டியலுக்கு வருகிறேன். தர மாட்டேன். பட்டியல் போட்டே பெயர் வாங்கிய விமர்சகர் க.நா.சு. தன் நூல் ஒன்றுக்கு 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயர் வைத்தார். அது எதிரில் இருக்கும் ஓர் ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. யாருக்கும் கொடுக்கலாம் என்ற நாவலை நான் இதுவரை பார்த்ததில்லை. காரைக்குடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தினசரியும் பஞ்சாங்கமும் தவிர எதுவும் படிக்காதவர். அவருடைய தாத்தா மெடானில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. 'புயலிலே ஒரு தோணி'யைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்து கிட்டங்கி, மேலாள், அடுத்தாள், பெட்டியடி என்று அந்த வட்டிக்கடைகளின் இடங்களையும் ஆட்களையும் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். நாவலின் எள்ளலோ பாண்டியனின் தத்துவமோ அவர் பேச்சில் வரவேயில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. புத்தகத்தை அவர் திருப்பித் தரவும் இல்லை.

'ஜே.ஜே.'யின் முதல் வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள் ஜோசப் ஜேம்ஸ் இறந்தான் என்று தொடங்குகிறது. காம்யு யார் என்று தெரியாதவருக்கு அது வாசலிலேயே நிற்கிற காவலாளி. உங்களுக்கு அந்தக் காவலாளியைப் பிடித்திருக்கிறது, எனக்கும்தான். கிரிக்கெட் நண்பருக்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' கொடுங்கள். செகந்திராபாதில் கிரிக்கெட் ஆடுகிற சந்திரசேகரனோடு அவர் மைதானத்தில் இறங்கிவிடுவார். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள் தாமாக வந்து சூழ்ந்துகொள்ளும். சினிமா நண்பருக்கு அவருடைய 'கரைந்த நிழல்கள்'. ஜெமினி ஸ்டுடியோவில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர் எழுதியது. நட்சத்திரங்களைத் தேடிப் போகிறவர் புரொடக்‌ஷன் மானேஜரிடம் மாட்டிக்கொள்வார். கொடுக்கும்போது 'மகத்தான நாவல்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப்பேர் பயந்துவிடுகிறார்கள். "எப்படி இருந்தது?" என்று ஒரு மாதத்துக்குக் கேட்கவும் வேண்டாம்.

'மோகமுள்'ளை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வந்துவிட்டாரா?