தழும்பும் இழுப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களுக்கு முன் நெற்றியிலும் நடுநெஞ்சிலும் இருந்த இரண்டு சிறு கட்டிகளை ஒரே நாளில் எடுத்தார்கள். நெற்றியில் இருந்த இடமே தெரியவில்லை. நெஞ்சில் மட்டும் தழும்பு சிவந்து, தடித்து, அரிக்கிறது. கத்தரிக்காயும் கருவாடும்தான் காரணம் என்கிறார் மாமியார். தையல் பிரித்தபின் காகித டேப் ஒட்டச் சொன்னார் மருத்துவர். காற்றுப் பட்டால்தானே ஆறும் என்று நான் ஒட்டவில்லை.
எம்.

அன்புள்ள எம்.,

கத்தரிக்காயைக் குறை சொல்லாதீர்கள், பாவம். நெஞ்சுத் தோல் சும்மா இருப்பதே இல்லை. மூச்சு விட்டால், கையைத் தூக்கினால், திரும்பிப் படுத்தால் இழுபடும்.

வியன்னாவில் 1861-ல் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்றியலாளர் சடலங்களின் தோலில் உருண்டை முனைக் கருவியால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை. கண் வடிவில் நீண்டு பிளந்தன. தோல் எப்போதும் ஒரு பக்கமாக இழுபட்டே இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் நெற்றியில் சுருக்கத்தை ஒட்டியே கீறியிருப்பார்கள், அதனால் வெட்டு அதிகம் இழுபடவில்லை. நெஞ்சில் அந்த வசதி குறைவு.

காயத்தை மூடும் நார்ச்செல்களுக்கு இந்த இழுப்பு தெரியும். இழுபட இழுபட அவை தசைபோல் சுருங்கும் செல்களாக மாறி, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே போகும். தழும்பு விறைக்கும், விறைப்பு அவற்றை மேலும் தூண்டும். ஜப்பானிய மருத்துவர் ரெய் ஓகாவா, கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு, இழுப்பின் திசையிலேயே பரவுவதைக் காட்டியிருக்கிறார். நெஞ்சில் அது நண்டுக் கொடுக்குபோல் பக்கவாட்டில் நீளும். மேலிமையில் வருவதோ மிக அரிது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அங்கே தோல் தளர்வுதான்.

தையல் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மூன்று வாரத்தில் காயத்துக்குப் பழைய தோலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வந்திருக்காது. மூன்று மாதத்தில் சுமார் 80 சதவீதம். முழுப் பலம் வரவே வராது. அந்த மாதங்களில் இழுப்பைத் தாங்கத்தான் டேப். மூடிய காயத்துக்குக் காற்று எதற்கு?

தடித்த பிறகு டேப் மட்டும் போதாது. சிலிக்கோன் ஷீட் ஒட்டலாம். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் வழக்கம். தடிப்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவினால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. இழுப்பே இல்லாத காதுமடலிலும் கம்மல் துளையில் கீலாய்டு வருகிறது. குடும்பவாகும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.