கைக்கு முழுசாக வரும் சம்பளம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 44 வயது. சைபர்ஜெயாவில் கணினி வேலை. 7 வருடமாக ஊழியராக இல்லை, காண்ட்ராக்டர். மாதம் 8,000 வெள்ளி (ரிங்கிட்), பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுசாகக் கைக்கு வருகிறது. மனைவி கோயம்புத்தூர்க்காரர். 55 வயதில் அங்கேயே போய்க் கொஞ்சம் நிலம் வாங்கித் தென்னை வைத்து இருந்துவிடலாம் என்று ஆசை. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மொத்தமாக எடுக்க மலேசியக் குடியுரிமையை விட வேண்டுமா?

வாசகர், பூச்சோங்

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். 55 வயது ஆகிவிட்டால் அதுவரை சேர்ந்த பணம் முழுவதையும் எடுக்கலாம், நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி. எடுக்காமல் விட்டுவைத்தால் 100 வயது வரை ஈவுத்தொகை வரும். நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கான பண மீட்பு என்று ஒன்று இருக்கிறது, அது குடியுரிமையைத் துறந்தவர்களுக்கு. அந்தப் பக்கமே போகாதீர்கள். தென்னந்தோப்பும் அவ்வளவு சுலபமில்லை. ஓசிஐ (இந்திய வெளிநாட்டுக் குடிமக்கள்) அட்டை வாங்கினாலும் வீடு வாங்கலாமே தவிர, விவசாய நிலம் வாங்க முடியாது.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் "முழுசாகக் கைக்கு வருகிறது" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் அம்மா பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். சம்பளம் பள்ளி கொடுக்காது, ஒரு குத்தகையாளர் கொடுப்பார். சில வருடத்துக்கு ஒருமுறை குத்தகை கைமாறும், அதே துடைப்பம், அதே கழிப்பறை, அம்மா மட்டும் மறுபடியும் புது ஆள். சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். ஒருநாள் தபாலில் வந்த இபிஎஃப் அறிக்கையை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் மாதங்களை ஒவ்வொன்றாகப் படிக்க, அம்மா டின்னிலிருந்து அந்தந்த மாதச் சீட்டை எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார். எல்லாச் சீட்டிலும் 11 விழுக்காடு பிடித்திருந்தது. அறிக்கையில் நான்கு மாதம் எதுவுமே இல்லை. குத்தகையாளரின் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். அடுத்த மாதம் கட்டிவிடுவோம் என்றார்கள். அதற்குள் குத்தகை மாறிவிட்டது.

அம்மாவுக்கு அன்று வேறு வழி கிடையாது. படித்து, ஒப்பந்தத்தை நீங்களே வாசித்துக் கையெழுத்துப் போட்ட உங்களுக்கு என்ன வந்தது? கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 8,000 வெள்ளி வாங்கும் ஊழியருக்கு அவர் பங்கு 880, முதலாளி பங்கு 12 விழுக்காடு, அதாவது 960, ஆக மாதம் 1,840 வெள்ளி உள்ளே போகும். வருடத்துக்கு 22,080. உங்கள் 7 வருடத்துக்கு 1,54,560, ஈவுத்தொகையைச் சேர்க்காமலே. 55 வயதில் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று இபிஎஃப் வாரியம் பல வருடம் சொல்லிவந்த தொகையே 2,40,000தான், மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 வருடத்துக்கு. அதில் பாதிக்கு மேல் உங்கள் கணக்கில் சேராமலே போய்விட்டது தம்பி, உங்கள் பங்கு கைக்கு வந்து காராகவும் கைபேசியாகவும் போனது. கம்பெனி கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததை நீங்கள் சம்பள உயர்வு என்று நினைத்துக்கொண்டீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன், அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. காலை 9 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், மடிக்கணினி அவர்களுடையது, லீவு அவர்களிடம்தான் கேட்க வேண்டும், வேறு இடத்தில் வேலை எடுக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தால், தாளில் காண்ட்ராக்டர் என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் நீங்கள் காண்ட்ராக்டர் ஆகிவிட மாட்டீர்கள். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில், எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்தே ஒருவரை ஊழியர் என்று கருதலாம் என்று வந்திருக்கிறது. உங்களிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது, சரி, ஆனாலும் வழக்கு என்று போனால் நடைமுறை எப்படி என்றுதான் பார்ப்பார்கள். தொழிலாளர் வழக்கு தெரிந்த ஒரு வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

உண்மையிலேயே சுயதொழில்தான் என்றால் இரண்டு பங்கும் உங்கள் தலையில்தான். சம்பளம் வந்த அன்றே 1,840ஐயும் நீங்களே இபிஎஃப்பில் போடுங்கள், வருடத்துக்கு 1,00,000 வெள்ளி வரை தானாகக் கட்டலாம். சுயதொழில் செய்பவர்களுக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் பதிந்தால், 2025 நிலவரப்படி, கட்டுவதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்த்துப் போடும், வருடத்துக்கு 500 வெள்ளி வரை. சொக்சோவிலும் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டம் உண்டு, வருடத்துக்கு 157.20 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. அது வேலையில் நடக்கும் விபத்துக்கும் வேலையால் வரும் நோய்க்கும் மட்டும்தான், அதனால் மற்ற நோய்க்குத் தனியாகக் காப்புறுதி பாருங்கள். இங்கே அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்த்துப் பழகியவர், கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனைப் பில் எவ்வளவு வரும் என்று மனைவி வீட்டாரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரிசுப் பெயர் பதிந்தாயிற்றா? கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டு அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர். இன்று இரவே இபிஎஃப் செயலியில் போய் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா, பினாங்கு