கல்லீரலில் கொழுப்புக் கட்டி: பயாப்சிக்கு முன் எடுக்க வேண்டிய படம்

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன், வயது 46. அலுவலகத்தில் ஏற்பாடு செய்த உடல் பரிசோதனையின்போது எடுத்த சோனோகிராபியில், கல்லீரலின் வலது மடலில் 3 செ.மீ. அளவில் வெண்மையான கட்டி ஒன்று தெரிவதாகவும், அது கொழுப்புக் கட்டியாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தொந்தரவு ஏதும் இல்லை. ஒரு மருத்துவர் பயாப்சி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொழுப்பைத் தனியே பிரித்துக் காட்டும் முறைகளோடும், ரத்தம் பாயும் பகுதிகளைப் படத்தில் ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்தோடும் எடுக்கப்படும் கல்லீரல் எம்.ஆர்.ஐ. அது. பெரும்பாலானோருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

சோனோகிராபியில் வெண்மையாகத் தெரிவதெல்லாம் கொழுப்பு அல்ல. கல்லீரலில் மிகப் பரவலாகக் காணப்படும் தீங்கற்ற ரத்தக் குழாய்க் கட்டியான ஹீமாஞ்சியோமாவும் அப்படித்தான் தெரியும். முழுக்கக் கொழுப்பாலேயே ஆன கட்டியான உண்மையான லிப்போமாவோ மிக அரிது. பித்தப்பையை ஒட்டிய பகுதியில் கொழுப்பு திட்டாகப் படிந்திருந்தாலும் கட்டி போலவே தோன்றும். ஆனால் அத்தகைய திட்டின் ஊடாக ரத்தக் குழாய்கள் இடம் மாறாமல் செல்லும். கட்டியாக இருந்தால் அவை ஒதுங்கி வளைந்திருக்கும். இன்னொரு தடயமும் உண்டு. மென்திசுக்களில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கருவி கணக்கிடுகிறது. கொழுப்பிலோ அதன் வேகம் சுமார் 1,450 மீட்டர்தான். எதிரொலி தாமதமாகத் திரும்புவதால், கட்டிக்குப் பின்னாலுள்ள உதரவிதானத்தின் கோடு அந்த இடத்தில் மட்டும் உடைந்து பின்தள்ளப்பட்டதுபோலத் தெரியும். இதைக் கவனித்து எழுதும் ரேடியாலஜிஸ்ட் கிடைத்தால் அது உங்கள் நல்லூழ்.

சி.டி. ஸ்கேனில் திசுக்களின் அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அலகில் அளக்கப்படுகிறது. நீர் 0, இயல்பான கல்லீரல் 50-60 அளவில் இருக்கும். முதிர்ந்த கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி இருக்கும். கட்டி முழுவதும் ஒரே சீராக அந்த எண்ணைக் காட்டி, கான்ட்ராஸ்ட் செலுத்திய பின்பும் அதன் எந்தப் பகுதியும் ஒளிராமல் இருந்தால், அது லிப்போமா என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிடலாம்.

இருப்பினும் நான் எம்.ஆர்.ஐ.யை வலியுறுத்துவதற்குக் காரணம், கட்டியில் கொழுப்பு இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை என்பதுதான். அடினோமா என்ற கல்லீரல் செல் கட்டியிலும், கல்லீரல் புற்றுநோயின் சில வகைகளிலும்கூடக் கொழுப்பு இருக்கக்கூடும். அவற்றில் கொழுப்பு செல்களுக்குள் நீரோடு கலந்து கிடக்கும்; லிப்போமாவில் இருப்பது ஏறத்தாழக் கொழுப்பு மட்டுமே. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனும் நீரிலுள்ள ஹைட்ரஜனும் காந்தப்புலத்தில் சற்றே வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால், அவற்றின் சமிக்ஞைகள் ஒரு கணம் ஒன்றுகூடும். மறுகணம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இந்த இரு கணங்களிலும் தனித்தனியே படம் எடுப்பார்கள். இரண்டாவது படத்தில் கட்டியின் உட்புறம் மங்கினால் கொழுப்பும் நீரும் கலந்திருக்கின்றன என்று பொருள். லிப்போமாவில் கழிப்பதற்கு நீர் இல்லாததால் உட்புறம் மங்காது. கல்லீரலும் கொழுப்பும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் மை கொண்டு வரைந்ததுபோலக் கறுப்புக் கோடு விழும். கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி எடுக்கும் படத்திலோ கட்டி முழுவதும் இருண்டுவிடும்.

கட்டியின் ஒரு பகுதி கொழுப்பாகவும், மீதி கான்ட்ராஸ்ட் பாய்ந்ததும் விரைந்து ஒளிர்வதாகவும் இருந்தால், ஆஞ்சியோமயோலிப்போமாவை நினைக்க வேண்டும். கொழுப்பு, மென்தசை, ரத்தக் குழாய் மூன்றும் கலந்த இக்கட்டி பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது, பெரும்பாலும் தீங்கற்றது. சிலருக்கு இது டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்ற மரபணுக் கோளாறோடு சேர்ந்து வரும் என்பதால், சிறுநீரகங்களையும் பார்த்துவிட வேண்டும். அக்கோளாறு வலிப்பையும் உண்டாக்கக்கூடும் என்பதால், குடும்பத்தில் வலிப்பு நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

படத்தை மட்டும் தனியே வைத்து எவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள், கல்லீரல் புற்றுநோயில் உயரக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் புரதத்தின் அளவு, கல்லீரல் சுருக்க நோயின் அறிகுறிகள், கருத்தடை மாத்திரை நெடுங்காலம் எடுத்துக்கொண்டீர்களா என்ற விவரம் ஆகியவை சேர்ந்தே முடிவைத் தரும். கல்லீரல் ஆரோக்கியமாக இருந்து, கட்டி முழுக்கக் கொழுப்பாகவே இருந்தால், ஊசியும் வேண்டாம், அறுவையும் வேண்டாம். இடையிடையே சோனோகிராபி போதும். ஒளிரும் பகுதி இருந்தாலோ, கட்டி வளர்ந்தாலோ, கல்லீரல் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தாலோ பயாப்சி பற்றிப் பேசலாம். அப்போதும் ஒளிரும் திடப்பகுதியிலிருந்தே திசு எடுக்க வேண்டும். ஆஞ்சியோமயோலிப்போமாவை உறுதிசெய்யும் எச்.எம்.பி.-45 சாயப் பரிசோதனையையும் கேட்டுச் செய்விக்க வேண்டும். அது இல்லாமல் கல்லீரல் புற்றுநோய் என்று தவறாகப் படிக்கப்பட வாய்ப்புண்டு.

எம்.ஆர்.ஐ.க்கு முன், சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்டரில் காகித ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல், எல்லாப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். பரேலில் உள்ள கே.இ.எம். போன்ற பெரிய மருத்துவமனை ஒன்றின் கல்லீரல் பிரிவில் இரண்டாம் கருத்துக் கேட்கப் போகும்போது, மருத்துவர் பார்க்க விரும்புவது அந்தப் படங்களைத்தான்.