கிறிஸ்துமஸ் விருந்து மேசையின் நடுவில் வைக்கும் அலங்காரத்தை வீட்டிலேயே செய்வது எப்படி?

தாராளமாகச் செய்யலாம். ஒரு சாயங்காலம் போதும், செலவும் பூவுக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆகிற காசுதான்.

ஒரே ஒரு விஷயம், இணையத்தில் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்காதீர்கள், உங்கள் மேசையைப் பார்த்துத் தொடங்குங்கள். அந்தப் படங்களில் மேசை நீளமாக இருக்கும், தட்டெல்லாம் காலியாக இருக்கும். நம் வீட்டில் நாலு பேரோ ஆறு பேரோ உட்காரும் மேசை, அதில் பிரியாணிச் சட்டி, கோழிக் குழம்பு, தயிர்ப் பச்சடி, தண்ணீர் ஜக் எல்லாம் வந்தாக வேண்டும். அதனால் முதலில் வெறும் பாத்திரங்களை மேசையில் அடுக்கிப் பாருங்கள், நடுவில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் அளவு. உயரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: முழங்கையை மேசையில் ஊன்றினால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதற்கு மேல் பூ போகக் கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாவிட்டால் சேர்ந்து சாப்பிடுவதில் என்ன இருக்கிறது?

அடித்தளத்துக்குப் பூக்கடைகளில் பச்சை நிற ஃபோம் கட்டி கிடைக்கும். நான் அதை வாங்குவதில்லை. அது மக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலேயே கிடக்கும். எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் குலை வெட்டிய வாழை எந்தத் தோட்டத்திலும் கிடக்கும், அந்த மரத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு துண்டு கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே வருகிற மாதிரி வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரத்தில் பூ வாடாமல் நிற்கும், குத்தினால் ஆடாது. ஆனால் வெட்டியவுடனே மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள், வாழைக்கறை துணியில் பட்டால் எந்த சோப்புக்கும் போகாது. செய்தித்தாளில் கவிழ்த்து ஒன்றிரண்டு மணி நேரம் வடியவிட்டு, பிறகும் ஒரு தாம்பாளத்திலோ எவர்சில்வர் தட்டிலோதான் வைக்க வேண்டும்.

இனி பச்சை. நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரமே சவுக்குக் கிளைதானே, அதில் கழித்த சிறு கொப்புகள் இதற்குப் போதும். தண்டின் ஓரங்களில் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துக் குத்திக்கொண்டே வந்தால் தட்டு மறைந்துவிடும். அப்புறம் பூ. சிவப்புக்கு என் தேர்வு கோழிக்கொண்டை, வெல்வெட் மாதிரி இருக்கும், விலை குறைவு, நாள்கணக்கில் நிறம் மாறாது. இடையிடையே வெள்ளைச் செவ்வந்தி. சந்தையில் உதிரியாக எடைபோட்டுத் தருகிற செவ்வந்திக்குக் காம்பு இருக்காது, அதற்கு ஈர்க்குச்சிதான் வழி: பூவின் அடியில் மெதுவாகக் குத்தி ஏற்றினால் நீங்கள் நினைத்த உயரத்தில் நிறுத்தலாம். சம்பங்கி அழகுதான், ஆனால் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம், அந்த மணத்துக்கு முன்னால் பிரியாணி வாசனை எடுபடாது. வாசனை மெழுகுவர்த்திக்கும் இதையே சொல்வேன். கடற்கரைச் சவுக்குத் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் காய்கள் நாலைந்தைப் பொறுக்கி வந்து ஓரத்தில் சொருகினால் அதுவே போதும், தங்கநிறப் பெயின்ட் எல்லாம் தேவையில்லை.

மெழுகுவர்த்திக்குத் தண்டிலேயே கத்தியால் வட்டமாகக் குடைந்து இறக்குங்கள், கெட்டியாக நிற்கும். சுற்றி நாலு விரல்கடை தூரத்துக்கு இலை இருக்கக் கூடாது, காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும். மேலே மின்விசிறி ஓடுகிற வீடு என்றால் மெழுகு ஒரு பக்கமாக உருகி வழியும், அங்கே மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளருக்குள் வைத்து அந்த டம்ளரை நடுவில் இறக்குவதுதான் நல்லது. எழுந்து போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே கூடாது.

வெறும் அழகுக்காக மட்டும் இல்லாமல் அர்த்தமாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தால் திருவருகைக் கால வளையம் செய்யுங்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள் வரும் காத்திருப்புக் காலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கும் பச்சை வளையம் அது. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் விசெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். இன்று பொதுவாக நாலு ஞாயிறுக்கு நாலு, சில வீடுகளில் கிறிஸ்துமஸ் அன்று நடுவில் ஒரு வெள்ளை. இதற்கு மட்டும் வாழைத்தண்டு ஒத்துவராது, நாலு வாரத்தில் அழுகிவிடும். கட்டுக்கம்பியை வளைத்து அதில் சவுக்கைக் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

வாழைத்தண்டு அலங்காரத்தை 24ஆம் தேதி சாயங்காலமே முடித்துவிடுங்கள், அதிகாலை ஆராதனைக்குப் போய்வந்தபின் சமையல் வேலைதான் சரியாக இருக்கும். இரவில் மின்விசிறிக் காற்று படாத இடத்தில் வைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் காலையில் அப்படியே மேசைக்கு எடுத்துவரலாம்.