பெரியவர்களுக்கு டான்சில் ஆபரேஷன்: வலி எத்தனை நாள் இருக்கும்? எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: வயது 32. அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன. டான்சிலை எடுத்துவிடலாம் என்கிறார் இ.என்.டி. டாக்டர். பெரியவர்களுக்கு வலி தாங்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சிறு பிள்ளைகள் ஒரு வாரத்தில் தேறி ஓடியாடத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். பல வருடங்களாகச் சீழ் பிடித்துப் பிடித்து ஆறியதில், டான்சில் அதன் அடியிலுள்ள தசையோடு தழும்பாக ஒட்டிப் போயிருக்கும். பிரித்தெடுக்கும்போது தசையும் சேர்ந்து புண்படுகிறது. ஆபரேஷன் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் பத்து நாட்களுக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும்.

அதற்கு முன், எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். டாக்டர்கள் பொதுவாகப் பார்க்கும் கணக்கு இது: ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு 3 முறை. சளியோடு வரும் தொண்டைக் கரகரப்பு இந்தக் கணக்கில் சேராது. காய்ச்சல், டான்சிலில் வெள்ளைச் சீழ், கழுத்தில் நெறி கட்டுவது என்று வந்து, விழுங்க முடியாமல் வேலைக்குப் போகாமல் கிடந்த தடவைகளை மட்டும் எண்ணுங்கள். பிரிட்டனில் 453 பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு வருடத்தில் தொண்டை வலி இருந்த நாட்கள், ஆபரேஷன் பிரிவில் 23, மருந்தோடு காத்திருந்த பிரிவில் 30 (இரண்டுமே இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம்). ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. பலன் உண்டு, விலையும் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறைதான் வருகிறது என்றால் பொறுத்துப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. டான்சில் கல்லும் வாய் நாற்றமும் மட்டுமே தொல்லை என்றால் முதலில் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பைத் தொடர்ந்து செய்து பாருங்கள்.

டான்சிலைச் சுற்றிச் சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருவதும், பெரிய டான்சில் அடைப்பதால் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் வேறு கணக்கு, மேலே சொன்ன எண்ணிக்கை அவற்றுக்குப் பொருந்தாது. ஒரு பக்கம் மட்டும் டான்சில் பெருத்துக்கொண்டே போனால், அதுவும் புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால், தள்ளிப் போடவே கூடாது. எடுத்த சதையைப் பயாப்சிக்கு (புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சதைப் பரிசோதனைக்கு) அனுப்புகிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தேதி குறிக்கும்போது, கடைசியாகக் காய்ச்சல் அடித்து இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வீங்கிச் சிவந்திருக்கும்போது கை வைத்தால் ரத்தம் அதிகம் போகும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க வெகு நேரமானதா, ஆடும் பல் இருக்கிறதா, பல்லுக்குக் கேப் போட்டிருக்கிறதா என்பதையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து வைக்கும் கருவி மேல் பல்லில்தான் பிடித்து நிற்கும். மருத்துவக் காப்பீட்டை நம்பியிருந்தால் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். பல பாலிசிகளில் டான்சில் ஆபரேஷனுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு.

கத்தியால் பிரித்தெடுப்பது, மின்சூட்டில் எடுப்பது, கோபிளேஷன் (உப்பு நீரில் ரேடியோ அலை செலுத்திச் சதையைக் கரைத்தெடுப்பது) என்று முறைகள் பல. கோபிளேஷன் குறைந்த சூட்டில் வேலை செய்வதால் முதல் சில நாள் வலி சற்றுக் குறையலாம், செலவு கூடும். எந்தக் கருவி என்பதைவிட, உங்கள் டாக்டருக்கு எது கை பழகியது என்பதே முக்கியம்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு. முதல் இரண்டு நாள் 'இவ்வளவுதானா' என்று இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வலி ஏறும். பலரும் கலங்கிப் போவது இங்கேதான். தையல் போட்டு மூடாமல் திறந்தே ஆறவிடும் புண் என்பதால், இரு பக்கமும் அழுக்கு வெள்ளையாக ஒரு படலம் படியும். அது சீழ் இல்லை. ஆறும் புண்ணின் பொருக்கு. சுரண்டக் கூடாது. வாய் நாறும். உள்நாக்கு வீங்கித் தொண்டையில் ஏதோ தொங்குவது போலிருக்கும். காது குத்திக் குத்தி வலிக்கும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதுதான் காரணம், காதில் கோளாறு இல்லை, சொட்டு மருந்து தேவையில்லை.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாதீர்கள். கடிகாரம் பார்த்துப் போடுங்கள். 50 கிலோவுக்கு மேல் எடையும் ஈரலில் கோளாறு இல்லாமலும் இருப்பவர்களுக்குப் பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு 1 கிராம், ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாத்திரை இறங்கவில்லை என்றால் சிரப் வாங்கலாம்: 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலில் 650 மில்லிகிராமுக்கு 13 மில்லி, 1 கிராமுக்கு 20 மில்லி. இபுபுரூஃபன் சேர்ப்பது டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ராத்திரி வேளையை அலாரம் வைத்தாவது போடுங்கள். வாய் திறந்து தூங்கித் தொண்டை காய்ந்து போவதால் விடிகாலை வலிதான் கொடுமை. மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் சாப்பிட உட்காருங்கள்.

அடுத்தது தண்ணீர். நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல், விழித்திருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு. வலிக்கிறதே என்று விழுங்காமல் விட்டால் தொண்டைத் தசை இறுகி அடுத்த மடக்கு இன்னும் வலிக்கும். பொருக்கும் காய்ந்து வெடிக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடிப்பது போதவில்லை என்று அர்த்தம். சொட்டுத் தண்ணீர்கூட இறங்காவிட்டால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிவரும்.

குளிர்ச்சி ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். இந்தப் புண்ணுக்குக் குளிர்ச்சி நல்லது. ஐஸ்கிரீம், நுங்கு, இளநீர் எல்லாம் தரலாம். குழையப் பிசைந்த புளிக்காத தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய கஞ்சி, ராகிக் கூழ், இடியாப்பம் தேங்காய்ப்பால் எல்லாம் இறங்கும். மிளகு ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி பட்டால் எரியும். முறுக்கு, சிப்ஸ், முறுகல் தோசையை இரண்டு வாரம் நினைக்கவே வேண்டாம். ஆவி பறக்கும் காபியும் அப்படியே, ஆறட்டும்.

பயப்பட வேண்டியது ரத்தத்துக்குத்தான். முதல் 24 மணி நேரத்தில் வரலாம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில், பொருக்கு உதிரும்போது வரும். எச்சிலில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் கவனித்து வாருங்கள். சிவப்பு ரத்தமாகத் துப்பினாலோ கட்டியாக வந்தாலோ, தானே நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சிறு கசிவுக்குப் பின் பெரிய கசிவு வருவதுண்டு. மல்லாந்து படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து முன்பக்கம் சாயுங்கள், ரத்தத்தை விழுங்காமல் துப்புங்கள், ஐஸ் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். திரும்ப மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் எதையும் சாப்பிட வேண்டாம். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள்; ரத்தம் நிற்காமல் வந்தால் 108ஐ அழையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் நேரத்தை வீணாக்காமல், இ.என்.டி. டாக்டரும் தியேட்டரும் இரவிலும் இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள். அது எந்த ஆஸ்பத்திரி, இரவு எண் என்ன, யார் அழைத்துப் போவார்கள் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதனால்தான் அந்த இரண்டு வாரம் வெளியூர்ப் பயணம், ஜிம், கனம் தூக்குவது, சிகரெட், மது எதுவும் வேண்டாம் என்கிறார்கள். ஆபீஸுக்கு 14 நாள் லீவு சொல்லிவிடுங்கள். பத்தாம் நாளே தேறிவிட்டால் முன்னதாகச் சேர்ந்துகொள்ளலாம்.